பெயர் எழுதப்படாத பேராசிரியர்கள்

சமயத் துறவியராலும் மறைபரப்பாளராலும் நிறுவப்பட்ட கல்லூரிகள் வெள்ளி விழாவும் பொன் விழாவும் நூற்றாண்டு விழாவும் கொண்டாடும்போது மலர் ஒன்று வெளியிடுவது நம்மிடையே மரபு. அம்மலர்களின் அமைப்பு நமக்குப் பழக்கமானது. முதலில் ஆயரின் ஆசியுரை. அடுத்து நிறுவனரின் முழுப்பக்கப் படம். பின்னர் அதிபர்களும் முதல்வர்களும் பதவி வகித்த ஆண்டுகளோடு வரிசையாக. இறுதியில் எந்தக் கட்டடம் எவ்வாண்டு எழுந்தது என்னும் பட்டியல். மலரை மூடி வைக்கும்போது, யார் ஆண்டார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. யாரிடமிருந்து யார் எதைக் கற்றார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. ஒரு கல்விக்கூடத்தின் வரலாறு என்பது அதன் தலைவர்களின் வரலாறுதானா? இக்கேள்வியை முன்வைத்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றி எழுந்த சில வாழ்க்கை வரலாற்று நூல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வேலூர்க் கல்லூரி கத்தோலிக்கத் திருச்சபையின் நிறுவனம் அன்று. அதன் வேர்கள் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையில் உள்ளன. பின்னர்ப் பல சபைகள் இணைந்து அதைத் தாங்கின. எனினும் 1964 ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவ ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்ட நாள்முதல், பிரிந்த சகோதரர்களின் வாழ்வில் விளைந்த நன்மைகளைக் கண்டுணர்ந்து போற்றுவது நமக்குக் கடமையாகவே ஆகியிருக்கிறது. அன்றியும், நம் கல்லூரிகளின் வரலாற்றை நாமே எழுத முனையும்போது செய்யத்தக்கது எது, தவிர்க்கத்தக்கது எது என்பதைப் பிறர் நூல்களைக் கொண்டு கற்பது எளிது.

நூல்களும் நூலாசிரியரும்

டாரதி கிளார்க் வில்சன் அம்மையார் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்தவர்; 1904 இல் பிறந்து 2003 இல் மறைந்தவர். மோசேயின் இளமையைப் புனைகதையாக்கி 1949 இல் அவர் எழுதிய புதினம், 1956 இல் வெளிவந்த ‘பத்துக் கட்டளைகள்’ என்னும் திரைப்படத்திற்கு ஆதாரமான நூல்களுள் ஒன்று. திருமறை நாடகங்கள் பல எழுதியவர். இந்தப் பின்னணியை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். ஏனெனில் வேலூரைப் பற்றி அவர் எழுதிய நூல்களிலும் நாடக ஆசிரியரின் கைதான் முந்தி நிற்கிறது.

1959 இல் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி ‘டாக்டர் ஐடா’ வெளிவந்தது. 1963 இல், விபத்தில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் வரலாறு வந்தது. 1965 இல் டாக்டர் பால் பிராண்டைப் பற்றி ‘கடவுளுக்குப் பத்து விரல்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலும், 1976 இல் அவருடைய தாயார் ஈவ்லின் பிராண்டைப் பற்றி ‘கிரானி பிராண்ட்’ என்னும் நூலும் வெளிவந்தன. ஒரே எழுத்தாளர் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளில் ஒரே நிறுவனத்தையும் அதனோடு உறவுடையோரையும் பற்றி நான்கு நூல்கள் எழுதியது அரிய செயல். வேலூரின் பெயரை உலகறியச் செய்ததில் இந்நூல்களுக்கும் பங்குண்டு.

ஓர் இரவும் ஒரு சட்டமும்

ஐடா ஸ்கடரின் வரலாற்றை அறிந்தவர் யாவரும் முதலில் நினைவுகூர்வது திண்டிவனத்தின் அந்த இரவைத்தான். 1870 இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, மருத்துவ மறைபரப்பாளர் குடும்பத்தில் தோன்றியும் இந்தியாவில் தங்க விருப்பமற்றிருந்தார். நோயுற்ற தாயைக் கவனிக்க வந்திருந்த நாளில், ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். மருத்துவரான தந்தை வரலாமா என்று கேட்டபோது, ஆண் மருத்துவர் வரலாகாது என்று மூவரும் மறுத்தனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடாவின் வாழ்வைத் திருப்பியது.

இது உள்ளத்தை உலுக்கும் நிகழ்ச்சி. இறையழைத்தலின் ஒரு சிறந்த சித்திரம். ஆனால் ஒரு கல்லூரி ஓர் இரவில் தோன்றுவதில்லை. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900 இல் திரும்பி ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1902 இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909 இல் செவிலியர் பயிற்சியும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. 1922 இல் முதல் அணியினர் பதினால்வர் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர். இவை வளர்ச்சியின் படிகள். உண்மையான சோதனை அதற்குப் பின்னர்தான் வந்தது.

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, பல்கலைக்கழகப் பட்டத்திற்குக் குறைந்த மருத்துவப் படிப்புகள் இனி நடைபெறலாகாது என்று முடிவு செய்தது. பள்ளியைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக உயர்த்தியாக வேண்டும். இல்லையேல் மூடியாக வேண்டும். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். அப்போது எழுந்த கருத்து வேறுபாடு நோய்வாய்ப்பட்ட தாயின் கட்டிலருகே எழுந்த தயக்கத்தைவிடக் கடுமையானது. ஆடவரையும் சேர்த்துக்கொண்டு, பல சபைகளின் கூட்டுப் பொறுப்பில் கல்லூரியை நடத்தினால் அது பிழைக்கும் என்பது ஒரு வழி. பெண்களுக்கென்று பெண்கள் அளித்த காணிக்கையை ஆடவர் கல்விக்குத் திருப்புவது நம்பிக்கைத் துரோகம் என்றார் லூசி பீபாடி அம்மையார். அவர் ஐடாவின் நெடுநாள் நண்பர், முதன்மையான ஆதரவாளர். இருவரும் நேர்மையானவர்கள், இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில் 1942 இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947 இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரானார்.

வாசகர் உள்ளத்தில் மூன்று பெண்களின் இரவு நிலைத்துவிட்டது. இந்தச் சட்டச் சிக்கலும் நண்பர்களின் பிளவும் நிலைக்கவில்லை. இது வாசகரின் குறை மட்டுமன்று. வாழ்க்கை வரலாற்றை நாடகக் காட்சிகளாக வகுக்கும் முறையின் விளைவும் ஆகும். அழைத்தலைக் காட்சியாக்கலாம், நிதிக்குழுவின் கூட்டத்தைக் காட்சியாக்குவது கடினம். ஆயினும் ஒரு நிறுவனம் தன் ஆன்மாவைக் காப்பதோ இழப்பதோ பெரும்பாலும் அத்தகைய கூட்டங்களில்தான். எவருடைய பணம் யாருக்காகத் தரப்பட்டது, அதை யாருக்காகச் செலவிடலாம் என்னும் பீபாடியின் கேள்வி, சமயச் சார்புள்ள ஒவ்வொரு கல்லூரியின் வாயிலிலும் இன்றும் நிற்கிறது.

கொல்லிமலையில் ஒரு வீடு

இனிக் ‘கிரானி பிராண்ட்’ நூலுக்கு வருவோம். இதன் களம் பெரும்பாலும் இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. அவன் வில்லாற்றலை வன்பரணர் பாடிய மலை. கொல்லிப்பாவையின் கதையால் இலக்கியப் புகழ் பெற்ற மலை. பழம்புலவர்கள் மலையின் தலைவனைப் பாடினார்கள். மலையில் தினையும் சாமையும் விதைத்தவரின் பெயர்கள் அப்பாடல்களில் இல்லை. தலைவரை மட்டும் நினைவில் வைப்பது விழா மலர்கள் கண்டுபிடித்த வழக்கம் அன்று. நம் இலக்கிய மரபிலேயே அதற்கு நீண்ட ஆயுள் உண்டு.

பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்த ஜெஸ்ஸி மான் பிராண்ட் 1907 இல் இந்தியாவுக்கு வந்தவர். இலண்டன் நகரின் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்ற ஈவ்லினை 1913 இல் மணந்து, கொல்லிமலையின் வாழவந்தியில் குடியேறினார். காய்ச்சல் கடுமையாக நிலவிய அம்மலையில் இருவரும் பள்ளி நடத்தினர், மருந்து கொடுத்தனர், தச்சுவேலையும் ஓடு செய்தலும் கற்பித்தனர். 1914 ஜூலையில் மகன் பால் பிறந்தார். ஒன்பதாம் வயதில் அவர் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929 ஜூன் மாதத்தில் தந்தை ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் விரைந்து சென்றுவிட்டது. அதற்குமுன் அவர் மகனுக்கு எழுதிய மடல்கள் கப்பலில் மெதுவாகச் சென்று, செய்திக்குப் பின்னரே மகனின் கைக்குக் கிடைத்தன.

நூலின் உயிர்ப்பகுதி இதன்பின் வருகிறது. ஏறத்தாழ எழுபது வயதை எட்டியபோது, மீண்டும் முழுப் பணிக்காலத்திற்கு ஈவ்லினை அனுப்ப அவருடைய மறைபரப்புச் சங்கம் இசையவில்லை. அவர் வாதாடி ஓராண்டு அவகாசம் பெற்றார். அவ்வாண்டு முடிந்ததும் சங்கப் பணியிலிருந்து விலகித் தாமாகவே மலைக்குத் திரும்பினார். கணவரும் அவரும் கனவு கண்டிருந்த ஐந்து மலைத்தொடர்களிலும் மட்டக்குதிரை ஏறிச் சென்றார். நரம்புச் சிலந்தி நோயால் துன்புற்றோருக்குத் தம் கையாலேயே மருத்துவம் செய்து, நீர்நிலையில் கால் வைத்து இறங்கலாகாது என்று கற்பித்து, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பச் செய்தார். தம் முகத்தின் சுருக்கங்களைக் காண விரும்பாமல் கண்ணாடியை விலக்கிய ஓவியர் அவர். தொண்ணூற்றைந்து வயதில், 1974 டிசம்பரில் இறந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

சங்கம் ஓய்வளித்த பின்னரே இவருடைய சிறந்த பணி தொடங்கியது என்பதை நூலாசிரியர் மிக அழகாக உணர்த்துகிறார். பதவி வேறு, தலைமை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஈவ்லின் எந்தக் கல்லூரிக்கும் முதல்வராயிருந்ததில்லை. அவர் பெயர் எந்த முதல்வர் பட்டியலிலும் ஏறாது. ஆயினும் அவர் இன்றி வேலூரின் கைம்மருத்துவ வரலாற்றை எழுத முடியுமா?

குறை எங்கே?

நூலின் நிறைகளைச் சொன்னோம். குறையையும் சொல்ல வேண்டும். நூலில் ஈவ்லின் பேசுகிறார், ஜெஸ்ஸி பேசுகிறார், பிள்ளைகள் பேசுகிறார்கள். மலைவாழ் மக்கள் பெரும்பாலும் நோயுற்றவராய், அஞ்சியவராய், நன்றியுள்ளவராய் வந்து போகிறார்கள். கொல்லிமலை மலையாளி மக்கள், தமக்கெனத் தனி மரபும் ‘நாடு’ என்னும் பெயரில் ஊர்ப் பிரிவுகளும் கொண்ட சமுதாயம். அரப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கையும் அவர்களுடைய உலகம். மழை, மண், விதை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த அறிவு சிறிதன்று. அண்மைப் பத்தாண்டுகளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலையின் சிறுதானிய வகைகளைக் காப்பதற்கு அம்மக்களையே நாடிச் சென்றது. நூலின் நோக்கில் அவர்கள் பெறுபவர்கள் மட்டுமே. தருபவர்களாக ஓரிரு இடங்களிலேனும் அவர்கள் நிமிர்ந்து நிற்கவில்லை.

இக்குறையை நிரப்புபவர் வேறு யாருமல்லர். அந்த அன்னையின் மகனே. டாக்டர் பால் பிராண்ட் 1980களில் எழுதிய ‘ஒரு பிடிச் சேறு’ என்று பொருள்படும் கட்டுரையில் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார். மலைச்சரிவில் படிப்படியாய் அமைந்த நெல்வயல்களில் சிறுவர்கள் தவளை பிடித்துக் கும்மாளமிட்டுக் கொண்டிருக்கின்றனர். வரப்புகளையும் மடைகளையும் காக்கும் முதியவர் ஒருவர் அங்கு வருகிறார். சிறுவர்கள் அவரைத் தாத்தா என்றே அழைப்பார்கள். கலங்கிய நீர் மடைவழியே கீழ்வயலுக்கு ஓடுவதை அவர்களுக்குக் காட்டி, தம் கையால் அதை அள்ளி, அதிலுள்ள மண்ணை அவர் சுட்டுகிறார். நீரோடு இறங்கிய மண் மீண்டும் மலையேறி வராது. அம்மண்தான் இனி வரப்போகும் பிள்ளைகளின் சோறு. தெளிந்த நீரே மடையைக் கடக்க வேண்டும் என்பது அவர் கற்பித்த பாடத்தின் சாரம். உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், தம் முதுமையில், மண் அரிப்பைப் பற்றியும் மனித குலத்தின் பொறுப்பைப் பற்றியும் எழுத அமர்ந்தபோது மேற்கோளாகக் கொண்டது எழுத்தறிந்த அறிஞர் ஒருவரை அன்று. கொல்லிமலையின் அந்தத் தாத்தாவை.

தந்தையின் வீட்டில் மற்றொரு பாடமும் அவர் கற்றார். தொழுநோயாளர் மூவர் ஒருநாள் மருத்துவம் நாடி வந்தபோது, பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு, தந்தை கையுறை அணிந்து அவர்களின் புண்களைக் கட்டினார். எவரையும் அஞ்சாத தந்தை அன்று அஞ்சியதைச் சிறுவன் கண்டான். 1946 இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், டாக்டர் ராபர்ட் காக்ரேனின் தூண்டுதலால் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைக் கண்டார். அங்கே முடங்கிப்போன விரல்களைத் தொட்டு ஆராயத் தொடங்கினார். விரல்கள் அழிவது நோயால் நேரடியாக அன்று, வலி உணர்வு அற்றுப்போவதால் ஏற்படும் காயங்களாலேயே என்பதை நிலைநாட்டினார். முடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்றி இயக்கம் தந்தார். மருத்துவம் பயிலுமுன் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சும் கற்றவர் அவர். தேறிய நோயாளர்களுக்குத் தொழில் கற்பிக்க வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தபோது அந்தத் தச்சுக்கலை பயன்பட்டது. தந்தை மலைமக்களுக்குக் கற்பித்த தொழில், மகன் வழியாக மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தது.

ஆகவே கல்லூரியின் அறிவு மலையிலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. கல்லூரியிலிருந்து மலைக்கு ஏறியது மட்டும் அன்று. வாழ்க்கை வரலாறுகள் இரண்டாவது பயணத்தை மட்டுமே எழுதுகின்றன. அந்தத் தாத்தாவுக்கு நூல்களில் பெயரில்லை. வேலூரின் ஆசிரியர் பட்டியலில் அவருக்கு ஓரிடம் உண்டு என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

நம் கல்லூரிகள்

இனி நம் பக்கம் பார்ப்போம். 1844 இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883 இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1925 இல் அருட்தந்தை பெர்ட்ராம் நிறுவிய சென்னை இலயோலாக் கல்லூரி ஆகியன தமிழ்க் கத்தோலிக்கரின் பெருமை. இலயோலாவின் அதிபராயிருந்த அருட்தந்தை ஜெரோம் டிசூசா இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராய் அமர்ந்தார். அருட்தந்தை பியர் செராக் மாணவர்களை வகுப்பறையிலிருந்து சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்றார். 1963 இல் இந்திய ஆயர்கள் பெங்களூரில் தொடங்கிய தூய யோவான் மருத்துவக் கல்லூரி, வேலூருக்கு நம் மறுமொழி எனலாம். இத்தலைவர்கள் போற்றத்தக்கவர்கள், அவர்களைப் போற்றுவது தவறன்று. ஆனால் செராக் அடிகளார் மாணவர்களைச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றாரெனில், அங்கு அவர்களுக்குக் கற்பித்தவர்கள் யார்? அப்பெயர்கள் எந்த மலரில் உள்ளன?

இது வெறும் எழுத்துமுறை பற்றிய கேள்வி அன்று. 2017 இல், மாணவர் சேர்க்கை முறை பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, வேலூர்க் கல்லூரி அவ்வாண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பில் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்தது. மதிப்பெண்ணோடு தொண்டுள்ளத்தையும் நேரில் கண்டறிந்து தேர்வு செய்வது அதன் நீண்டகால மரபு. பொதுத் தரவரிசை மட்டுமே போதும் என்பதை அது ஏற்கத் தயங்கியது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீட் தேர்வு சிறுபான்மையோர் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. முறைகேடுகளைத் தடுக்கப் பொதுத் தேர்வு வேண்டும் என்னும் வாதத்தில் நியாயமுண்டு. ஆயினும் விளைவு ஒன்று தெளிவு: யார் உள்ளே வருவது என்பதில் சபையின் கை முன்போல் இல்லை. உள்ளே வந்தவர் எத்தகையவராய் வெளியேறுவது என்பது மட்டுமே இனி நம் கையில் உள்ளது.

அந்த உருவாக்கத்திற்கு உதவும் கருவிகளுள் நினைவும் ஒன்று. தான் நிற்கும் கல்லூரியின் கதையை மாணவர் எவ்வாறு கேட்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய கனவு அமைகிறது. மாமனிதர் ஒருவரின் அருள்வாழ்வே இக்கல்லூரி என்று கேட்டவர், வியந்துவிட்டுத் தம் வழியே போவார். வியப்புக்கு முடிவில் கைதட்டல்தான் மிஞ்சும். மாறாக, நண்பர்கள் பிரியும் அளவுக்குக் கசந்த ஒரு முடிவின்மீது இக்கல்லூரி நிற்கிறது, மலையில் மடைகாத்த ஒரு முதியவருக்கும் இது கடன்பட்டிருக்கிறது என்று கேட்டவர், தாமும் கடன்பட்டவர் என்று உணர்வார். கடனுணர்வு மனிதரை மலையேறச் செய்யும்.

1990 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றிய திருத்தூதுச் சட்டத்தை வெளியிட்டார். உண்மையைத் தேடுதலும், வறியோர்க்கு ஆற்றும் பணியும் பிரிக்கப்படலாகாதவை என்பது அதன் அடிநாதம். வறியோருக்காக உண்மையைத் தேடுவதோடு, வறியோரிடமும் உண்மையைத் தேடுவது என்று அதை நாம் விரித்துக்கொள்ளலாம்.

அடுத்து ஒரு விழா மலர் தயாரிக்கும் ஆசிரியர் குழுவிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. முதல்வர்களின் படங்கள் இருக்கட்டும். அவற்றோடு, முதல் ஆண்டின் மாணவர் பதிவேட்டை எடுத்து, அவர்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், பின்னர் எங்கே சென்றார்கள் என்று எழுதுங்கள். நிறுவனத்தைப் பிளக்க இருந்த கருத்து வேறுபாட்டை மறைக்காமல், இரு பக்கத்து நியாயத்தையும் எழுதுங்கள். விடுதிச் சமையற்கூடத்திலும் தோட்டத்திலும் நாற்பதாண்டு உழைத்தவரை, அவர் உயிரோடிருக்கும்போதே சென்று கண்டு, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். மாணவர் பணிமுகாம் நடத்திய சிற்றூருக்குச் சென்று, முகாமைப் பற்றி அவ்வூரார் நினைப்பது என்னவென்று கேளுங்கள். அவர்களின் விடை நமக்கு இனிக்காமலும் போகலாம், அதையும் அச்சிடுங்கள்.

வில்சன் அம்மையாரின் நூல்கள் இன்னும் படிக்கத்தக்கவை. அன்பும் உழைப்பும் கொண்டு எழுதப்பட்ட அவற்றை நம் பங்கு நூலகங்களில் வைக்கலாம், இளையோர்க்குத் தரலாம். ஆனால் ‘கிரானி பிராண்ட்’ நூலைத் தரும்போது, மகனின் அந்தச் சிறு கட்டுரையையும் சேர்த்தே தருதல் நலம். வாழவந்தியின் கல்லறையில் இரு பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மலைச்சரிவின் வயல்களில் தங்கிய மண்ணில் ஒரு பெயரும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் அதைக் காத்த கை ஒன்று இருந்தது என்பதை நம் வரலாறுகள் இனியேனும் சொல்லட்டும்.